உறுமுகிற குட்டியை அதட்டலாமா?

கேள்வி:

நாங்கள் பெங்களூரு பன்னேர்கட்டா சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். சொந்த ஊர் சேலம். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு பீகிள் குட்டி வாங்கினோம். பெயர் சிம்பா. வாங்கும்போது 45 நாள் என்றார்கள்; இப்போது மூன்றரை மாதம் ஆகிறது.

விளையாட்டிலும் சாப்பாட்டிலும் கெட்டிக்காரன். பிடிவாதம்தான் தாங்க முடியவில்லை. சோபாவில் ஏறிக்கொள்கிறான், காலரைப் பிடித்து இறக்கப் போனால் உறுமுகிறான். சாக்ஸைக் கவ்விக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுகிறான், பிடுங்கப் போனால் பல்லைக் காட்டுகிறான். விரலை நீட்டி "நோ" என்று அதட்டினால் அதற்கும் ஓர் உறுமல். போன வாரம் என் கணவர் பேப்பரைச் சுருட்டி ஒரு தட்டு தட்டினார். கையைக் கவ்விவிட்டான். ரத்தம் வரவில்லை, பல் பட்ட தடம் மட்டும்தான்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் வந்த பயிற்சியாளர், "மல்லாக்கப் போட்டு, கழுத்தைப் பிடித்து, அடங்கும்வரை அமுக்குங்கள். யார் தலைவன் என்று இப்போதே தெரிய வேண்டும்" என்றார். ஒரு வாரமாக அப்படித்தான் செய்கிறோம். உறுமல் கூடித்தான் இருக்கிறது. எங்களுக்கு ஏழு வயதில் மகள் இருக்கிறாள். "இப்பவே இப்படின்னா வளர்ந்தா கடிக்காதா? யாருக்காவது குடுத்துடு" என்கிறார் மாமியார். என்ன செய்வது?

— வாசகி, பெங்களூரு

பதில்:

மல்லாக்கப் போட்டு அமுக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள் அம்மா. சுருட்டிய பேப்பரும் பழைய பேப்பர்காரரிடமே போகட்டும். ஒரு வாரம் செய்தும் உறுமல் கூடியிருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த வைத்தியம் சரியில்லை என்பதற்கு அதுவே போதும்.

அடுத்தது உங்கள் கணவரின் கை. ரத்தம் வரவில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வெறிநாய்க்கடி விஷயத்தில் "வீட்டுக் குட்டிதானே" என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்றே டாக்டரிடம் காட்டி, ஊசி வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும். இனி எப்போது பல் பட்டாலும் குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. சிம்பாவுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. ரேபிஸ் ஊசி போட்டாகிவிட்டதா என்று தடுப்பூசிப் புத்தகத்தைப் பாருங்கள்.

இனி உறுமலுக்கு வருகிறேன்.

தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல நாய்க்குச் சில வழிகள்தான் உண்டு. முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூக்கை நக்கிக்கொள்ளும். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும். உடம்பை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். இதையெல்லாம் நாம் கண்டுகொள்ளாதபோது உறுமும். அதையும் மதிக்காமல் கையை நீட்டினால்தான் பல் வரும். உறுமியதற்காக அடி வாங்கிய நாய், காலப்போக்கில் உறுமுவதை விட்டுவிடும்; பயத்தை விடாது. "நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர், திடீர்னு கடிச்சிடுச்சு" என்று கூட்டிவரும் நாய்களில் பலவற்றின் கதை இதுதான். உறுமுகிற குட்டி உங்களிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சை நிறுத்துவது நம் வேலை இல்லை. அதைப் பேசவைக்கும் காரணத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பயிற்சியாளர் சொன்ன "தலைவன்" கதைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து 1947இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே கூண்டில் அடைத்துப் போட்ட ஓநாய்கள், சண்டை போடாமல் என்ன செய்யும்? டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970இல் எழுதிய நூல் கூட்டத்தில் தலைமைக்குச் சண்டை நடக்கும் என்ற அந்தக் கருத்தை உலகமெல்லாம் கொண்டுசேர்த்தது. பிறகு அதே மெக் கனடாவின் வடகோடியில் காட்டு ஓநாய்களோடு கோடை கோடையாக இருந்து பார்த்தார். அங்கே கூட்டம் என்பது அப்பா, அம்மா, அவர்கள் பெற்ற பிள்ளைகள்; அவ்வளவுதான். பதவிக்கு அடிதடி எல்லாம் இல்லை. 1999இல் அதை எழுதிவிட்டு, தன் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் கேட்டுக்கொண்டார். மல்லாக்கப் போடும் முறையைப் பிரபலமாக்கியவர்கள் நியூயார்க் மாநிலத்தின் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள், 1978இல் வெளியிட்ட ஒரு நூல் மூலம். 2002இல் வந்த திருத்திய பதிப்பில் அதைச் செய்ய வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சொன்னவர்களே கைவிட்டதை நம்மூர்ப் பயிற்சியாளர்கள் இன்னும் விடவில்லை. இந்தத் தொழிலுக்குப் பலகை மாட்ட எந்தப் பரீட்சையும் எழுத வேண்டியதில்லையே.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நாய் நடத்தை மருத்துவமனைக்கு வந்த வளர்ப்பாளர்களிடம் கேட்டு 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு நாய் பதிலுக்குச் சீறியது. வாயிலிருந்ததை வலுக்கட்டாயமாகப் பிடுங்கியவர்களில் 39 சதவீதம், மல்லாக்கப் போட்டு அமுக்கியவர்களில் 31 சதவீதம். உங்கள் வீட்டில் மூன்றுமே நடந்திருக்கிறது.

45 நாள் என்றீர்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மூர் நாய் வியாபாரத்தில் அது ஊரறிந்த கணக்கு. சட்டத்தின் கணக்கு வேறு. 2017இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. கூடப்பிறந்ததைக் கொஞ்சம் அழுத்திக் கடித்தால் அது கத்திக்கொண்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயின் மடியில் பல் பட்டால் அவள் எழுந்து போய்விடுவாள். பல்லை எவ்வளவு மெதுவாக வைக்க வேண்டும் என்ற பாடம் அந்தக் கடைசி வாரங்களில்தான் நடக்கிறது. சிம்பாவை அந்த வகுப்பிலிருந்து பாதியில் தூக்கிவந்திருக்கிறார்கள். மீதியை நீங்கள்தான் நடத்த வேண்டும். விளையாட்டில் பல் பட்டால் சத்தம் போடாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய் அரை நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

பயிற்சியைத் தொடங்கும் முன் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். காலரில் கை வைத்தால் உறுமுகிறான் என்றதும் எனக்கு முதலில் காதுதான் நினைவுக்கு வந்தது. பீகிளுக்குத் தொங்கு காது. உள்ளே காற்று புகாது. நம்மூர் மழை மாதங்களில் அது சீழ் பிடிக்க அதிக நாள் ஆகாது. காது மடலைத் தூக்கி மோந்து பாருங்கள். புளித்த மாவு வாடை அடித்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். காதோரத்திலும் காலருக்கு அடியிலும் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவித் தேடுங்கள். வலிக்கிற இடத்தைத் தொட்டதற்கு உறுமினால் அதைப் பிடிவாதம் என்று எப்படிச் சொல்வது?

இப்போது சாக்ஸ். அடுத்த முறை அவன் கவ்வும்போது கிட்டே போகாமல், எட்ட நின்று கவனியுங்கள். மென்றுகொண்டிருப்பான். நீங்கள் ஓர் அடி எடுத்து வைத்ததும் மெல்லுவது நிற்கும். தலை இன்னும் கொஞ்சம் கீழே போய் சாக்ஸின் மேல் கவியும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உங்கள் பக்கம் திருப்புவான். ஓரத்தில் வெள்ளை விழி பிறைபோலத் தெரியும். உறுமல் வருவது இத்தனைக்கும் பிறகுதான். மெல்லுவது நின்றவுடனே நீங்களும் நின்றுவிட்டால் அவன் உறுமவே தேவையில்லை.

பிடுங்குவதற்குப் பதில் பண்டமாற்று செய்யுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியை வேர்க்கடலை அளவுக்குக் கிள்ளி ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டை மட்டும் சாப்பிடுகிற வீடு என்றால் அவித்த முட்டை, அதுவும் இல்லையென்றால் பன்னீர். அவனுக்கு அவ்வளவாக ஆசை இல்லாத பொம்மையில் ஆரம்பியுங்கள். வாயில் பொம்மை இருக்கும்போது ஒரு துண்டை மூக்கின் பக்கத்தில் போடுங்கள். வாய் திறக்கிற நொடியில் "விடு" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். அவன் தின்று முடித்ததும் அந்தப் பொம்மையை அவனிடமே திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். விட்டான், வாங்கிக்கொண்டோம், விஷயம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். விட்டால் கோழியும் கிடைக்கும், பொம்மையும் திரும்பக் கிடைக்கும் என்று அவனுக்கு உறைக்க வேண்டும். பிறகு மெதுவாக சாக்ஸுக்கு வாருங்கள். அதுவரை சாக்ஸை ஷூவுக்குள் திணித்துவிட்டுப் போகாமல் துணிக்கூடையில் போடும் பழக்கத்தை வீட்டுப் பெரியவர்கள் கற்றுக்கொள்ளட்டும்.

கயிறு இழுத்து விளையாடும்போது வருகிற உறுமலுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். ஹங்கேரியின் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2010இல் உறுமல்களைப் பதிவு செய்து, எலும்பை நெருங்கும் நாய்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். உணவைக் காக்கும் உறுமலைக் கேட்ட நாய்கள் விலகின. விளையாட்டு உறுமலை அந்த அளவுக்கு மதிக்கவில்லை. நாய்க்குத் தெரிகிற வித்தியாசம் நமக்கும் கொஞ்ச நாளில் பழகிவிடும். உடம்பு தளர்ந்து, பின்பக்கம் ஆடிக்கொண்டிருந்தால் அது விளையாட்டு.

சோபாவில் ஏறலாமா கூடாதா என்பதை முதலில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கிரிக்கெட் பார்க்கும்போது அப்பா பக்கத்தில் ஏற்றி உட்காரவைத்துக்கொள்வதும், விருந்தாளி வந்ததும் காலரைப் பிடித்து இழுப்பதுமாக இருந்தால் எந்தக் குட்டிக்கும் குழப்பம்தான். உங்கள் வீட்டில் அப்படி என்று சொல்லவில்லை. பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கூடாது என்று முடிவானால் காலரில் கை வைக்கவே வேண்டாம். ஒரு துண்டு கோழியைத் தரையில் போட்டு "இறங்கு" என்றால் இறங்குவான். கீழே அவனுக்கென்று ஒரு மெத்தை இருக்கட்டும். அதில் தானாகப் போய்ப் படுக்கிற ஒவ்வொரு தடவையும் ஏதாவது கிடைக்க வேண்டும். பெங்களூரு வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நீங்கள் "இறங்கு" என்பீர்கள், மகள் "டவுன்" என்பாள், வேலைக்கு வருகிற அம்மா கன்னடத்தில் "இளி" என்பார். எல்லோருக்கும் ஒரே சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் நீட்டி அதட்டுவதும் வேண்டாம். நியூயார்க் ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் காட்டியது இது: வளர்ப்பவர் திட்டினால், தப்பே செய்யாத நாயும் குற்றவாளி போல முகத்தை வைத்துக்கொள்கிறது. நாய்க்குப் புரிவது உங்கள் கோபம் மட்டும்; எதற்காகக் கோபம் என்பது புரிவதில்லை.

தூக்கத்தையும் பாருங்கள். இந்த வயதில் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்குவான். பள்ளி விட்டு வந்த குழந்தை, காலிங் பெல், விருந்தாளி, டி.வி. என்று தூக்கம் கெட்டால் மாலை ஏழு மணிக்கு மேல் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான். போதாததற்குப் பால்பல் விழும் பருவமும் நெருங்கிவிட்டது, ஈறு ஊறும். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே கடிக்கக் கொடுங்கள். தடுப்பூசிகள் முடிந்ததும் கப்பன் பூங்காவில் இருக்கும் நாய்ப் பூங்காவுக்குக் கூட்டிப் போகலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வேண்டாம். வார நாள் காலையில் போங்கள்.

மகளுக்கு மூன்று விஷயங்கள் சொல்லிவையுங்கள். சாப்பிடும்போதும், தூங்கும்போதும், மேஜைக்கு அடியில் இருக்கும்போதும் சிம்பா பக்கம் போகக் கூடாது. அவர்கள் இருவரையும் பெரியவர் யாரும் இல்லாமல் ஓர் அறையில் விடவும் கூடாது. இதில் எந்தச் சலுகையும் வேண்டாம்.

உங்கள் மாமியாரின் கேள்வி நியாயமானது. கடிக்காது என்று எந்த நாய்க்கும் நான் எழுதித் தரமாட்டேன். பீகிள் பொதுவாகச் சாந்தமான இனம். உலகம் முழுக்க மருந்து ஆய்வகங்கள் அதைத் தேர்ந்தெடுத்தது அந்தக் குணத்தால்தான். பெங்களூரு ஆய்வகங்களில் இருந்து விடுவிக்கப்பட்ட பீகிள்களை இந்த ஊர்க் குடும்பங்கள் பல தத்தெடுத்து வளர்த்துவருகின்றன. கூடவே, முயல் வாசனையைப் பிடித்துக்கொண்டு மைல் கணக்கில் போவதற்காக ஆங்கிலேயர் வளர்த்த இனம் அது. மூக்கு ஒரு பக்கம் இழுத்தால் காது கேட்காது. நீங்கள் பிடிவாதம் என்று நினைப்பதில் பாதி அதுதான். மூன்றரை மாதக் குட்டியை இதற்காகக் கொடுத்துவிட வேண்டியதில்லை. கொடுத்தாலும், போகிற வீட்டில் யாராவது மறுபடி மல்லாக்கப் போடுவார்கள்.

ஆறு வாரம் இப்படி நடத்திப் பாருங்கள். அதற்குள் தோல் கிழியக் கடித்தாலோ, மகளைப் பார்த்து உடம்பை விறைத்துக்கொண்டாலோ ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டாம். ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, நாய் நடத்தையில் பயிற்சி பெற்ற மருத்துவரிடமோ உடனே கூட்டிப் போங்கள். கழுத்தை இறுக்கும் சோக் செயினைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிற பயிற்சியாளரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.