அலகு நீண்டால் பட்டை அகலுமா?

காரோடு, பாறசாலை, களியக்காவிளைப் பக்கம் கத்திக்கு நீளத்தில்தான் மதிப்பு. தென்னை மட்டை வெட்டவும் சக்கை பிளக்கவும் அது சரி. மரப்பொம்மை செதுக்க வருகிறவர்களும் அதே கணக்கைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்: பட்டை அகலமாக விழ வேண்டுமென்றால் அலகு நீளமாக இருக்க வேண்டும் என்று.

பட்டைச் செதுக்கு ஸ்காண்டிநேவிய வழக்கம். உருவத்தை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்க மாட்டார்கள். கத்தி சீவிய தட்டைப் பரப்புகளை, அதாவது பட்டைகளை, அப்படியே விட்டு வர்ணம் பூசிவிடுவார்கள். சுவீடனின் ஆக்செல் பெட்டர்சன் (1868–1925) இந்த முறையில் பேர் போனவர். அவர் செதுக்கிய குடியானவர்களும் குதிரைகளும் ஓஸ்கார்ஸ்ஹாம்ன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் ஆசாரிமாருக்கு இந்த நீளக் கேள்வியே எழுந்ததில்லை. பத்மநாபபுரம் அரண்மனை முகப்பின் மேற்கூரைப் பூக்களும் குதிரமாளிகையின் 122 மரக்குதிரைகளும் உளியின் வேலை. அங்கே பார்ப்பது உளிவாயின் அகலத்தை.

சரி, பட்டையின் அகலத்தைத் தீர்மானிப்பது எது? எவ்வளவு ஆழம் சீவுகிறோம் என்பதுதான். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கட்டையில் 1 மில்லிமீட்டர் ஆழம் சீவினால் 12 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பட்டை விழும். 2 மில்லிமீட்டர் சீவினால் 17-ஐத் தாண்டும். இந்தக் கணக்கில் கத்தியின் நீளம் எங்கேயும் வரவில்லை. பட்டையின் அகலத்தைவிட அலகு கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும், இழுத்துச் சீவ இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும், அவ்வளவுதான். கையடக்கப் பொம்மைக்கு 40 முதல் 60 மில்லிமீட்டர் போதும். சுவீடனின் மோரா கத்திகளில் செதுக்குகிறவர்கள் விரும்பி எடுக்கும் 120 எண் கத்திக்கு அலகு ஏறத்தாழ 60 மில்லிமீட்டர். அதன் அண்ணனான 106 எண் கத்திக்கு 82. பெரிய கட்டையைக் கடாமுடாவென்று வடிவுக்குக் கொண்டுவர அண்ணன் நல்லவன். மூக்கும் கண்ணும் செதுக்க அவனை அழைக்கக் கூடாது.

மரம் கடினமானால் நீளக் கத்தி வேண்டும் என்பது இன்னொரு பேச்சு. உண்மை தலைகீழ். பிடியிலிருந்து 80 மில்லிமீட்டர் தள்ளி மரத்தைத் தொடும்போது மணிக்கட்டு தாங்கவேண்டிய முறுக்கம், 40-இல் தொடும்போது இருப்பதைவிடக் கூடுதல். கை நடுங்கும், பட்டையில் அலை விழும். அதனால்தான் தேர்ந்தவர்கள் பிடியை ஒட்டிய அடிப்பகுதியால் வெட்டுகிறார்கள். எவ்வளவு நீளக் கத்தியானாலும் பலமான வெட்டு அங்கேதான். கத்தியை மாற்றுவதற்கு முன் மரத்தை மாற்றிப் பாருங்கள். நம் பக்கம் ரப்பர் கட்டைக்குப் பஞ்சமில்லை, ஆனால் காய்ந்தால் கத்திக்கு இறுக்கம். பச்சையாக எடுத்தால் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். குமிழ் இதைவிட இணக்கமான மரம்.

குட்டைக் கத்தி பத்திரமானது என்று குழந்தைகளிடம் கொடுப்பவர்களும் உண்டு. பாதி உண்மை. பெருவிரலை மரத்தில் ஊன்றி உள்நோக்கிச் சீவும்போது நீள அலகின் முனை எங்கே போகிறது என்று கண் பார்ப்பதில்லை. அந்த வகையில் குட்டை மேல். ஆனால் மழுங்கிய குட்டைக் கத்தி, கூரான நீளக் கத்தியைவிட மோசம். அழுத்தம் கூடும், மரம் திடீரென்று விட்டுக்கொடுக்கும், கத்தி கைக்குள் பாயும். பெருவிரலுக்குத் தோலுறை போட்டால் பாதிக் கவலை தீரும்.

‘கடைசியில் உப்புத்தாள் இருக்கிறதே’ என்ற சமாதானமும் இங்கே செல்லாது. தேய்த்தால் பட்டைகளின் விளிம்பு மழுங்கும், வெளிச்சமும் நிழலும் பிரிந்து நிற்கும் அழகு போய்விடும். உதிர்ந்த மணல்பொடி மரத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்து வைக்கும் கத்தியின் கூரைத் தின்னும். பட்டை பளபளக்க வேண்டுமானால் தோல்வாரில் கத்தியைத் தீட்டுவதுதான் வழி.

கொல்லரிடம் செய்து வாங்குவதானால் அலகு நேராக, மெலிதாக இருக்கட்டும். கார்பன் எஃகைச் சாணைச் சக்கரத்தில் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள்; விளிம்பு நீலம் பாரித்தால் அந்த இடம் பதம் இழந்துவிட்டது என்று பொருள். நீளக் கத்தியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். பிடியை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு அலகில் துணி டேப்பைத் தடிமனாகச் சுற்றி, அங்கே பிடித்துக்கொண்டால் மிச்சமுள்ள அலகு பொம்மைக்குப் போதும்.