அரபு இலக்கணமும் தலைகீழ் வகுப்பும்

நம் சிறுவர் சிறுமியர் குர்ஆனைச் சரளமாக ஓதுகிறார்கள். பேஷ், ஸபர், ஸேர் அடையாளங்களைத் தவறின்றி உச்சரிக்கிறார்கள். ஆனால், ஒரே சொல்லின் இறுதியில் ஓரிடத்தில் பேஷும் மற்றோரிடத்தில் ஸேரும் வருவானேன் என்று கேட்டால் விழிக்கிறார்கள். அந்தக் காரணத்தைச் சொல்வதே அரபு இலக்கணம். அதை அறியாத பிள்ளை, பொருளின் வாசல்வரை வந்து வெளியிலேயே நின்றுவிடுகிறது.

குறை பிள்ளையிடம் இல்லை. நேரத்தைச் செலவிடும் முறையில் இருக்கிறது. மாலை மத்ரஸாவில் கிடைக்கும் சொற்ப நேரத்தை ஆசிரியரின் விளக்கமே விழுங்கிவிடுகிறது. பயிற்சி வீட்டுக்குப் போகிறது. அங்கே சந்தேகம் தீர்க்க ஆளில்லை.

இதை மாற்றிப் போடுவதே தலைகீழ் வகுப்பு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜொனதன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ் என்னும் வேதியியல் ஆசிரியர் இருவர், வகுப்புக்கு வர இயலாத மாணவருக்காக 2007ஆம் ஆண்டில் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினர். பின்னர் விளக்கத்தை வீட்டுக்கும் பயிற்சியை வகுப்புக்கும் மாற்றினர்.

நம் பாடத்தில் இதைப் பொருத்திப் பார்ப்போம். ஆசிரியர் ஐந்து நிமிடப் பதிவில் ஒரே ஒரு விதியைச் சொல்லட்டும். நூல் என்பது 'கிதாபுன்'. நூலைப் படித்தேன் என்னும்போது 'கிதாபன்'. நூலில் என்னும்போது 'ஃபீ கிதாபின்'. தமிழில் ஐயும் இல்லும் செய்யும் வேலையில் அரபியின் இறுதி ஒலிக்கும் பங்குண்டு. இவ்வளவே அன்றைய பாடம். பிள்ளை புரியும்வரை திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

மறுநாள் வகுப்பில் சொற்சீட்டுகளைப் பரப்பி, 'வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு' என்று அமைக்கச் சொல்லட்டும். 'மினல் பைத்தி இலஸ் ஸூக்கி' எனச் சேர்க்கும் பிள்ளை, மின், இலா ஆகியவற்றுக்குப்பின் ஸேர் வருவதைத் தானே காண்கிறது. தவறினால் ஆசிரியர் அருகிலேயே இருக்கிறார்.

இதில் எச்சரிக்கையும் வேண்டும். எல்லா வீட்டிலும் பிள்ளைக்குக் கைப்பேசி கிடைக்காது. அத்தகையோர்க்கு வகுப்பின் முதற் பத்து நிமிடத்தில் பதிவைக் காட்ட வேண்டும். பாராமல் வந்த பிள்ளையைக் கடிவதும் கூடாது.

வியாபாரச் சகோதரர்களே! நீங்கள் அரபு இலக்கணம் கற்றிருக்க வேண்டியதில்லை. கடையடைத்துத் திரும்பியதும் பிள்ளையை அருகழைத்து, "இன்று கேட்ட பாடத்தை எனக்குச் சொல்" என்று கேளுங்கள். நாள்தோறும் கடைக் கணக்கைப் பார்க்கிறோம். பிள்ளையின் கல்விக் கணக்கையும் ஐந்து நிமிடம் பார்ப்போமாக!