முழுநேரப் படையும் பகுதிநேரப் படையும்

அறுவடை முடிந்ததும் நம் கிராமத்து இளைஞர் பலரின் மனம் இராணுவத்தை நாடுகிறது. நாட்டைக் காக்கப் புறப்படுவது பெருமைக்குரியதே. ஆயினும், எத்தனை காலத்திற்கு, எந்த நிபந்தனைகளின்மேல் சேர்கிறோம் என்பதை அறியாமல் உழவு மாட்டை விற்றுவிட்டுப் புறப்படுவது அறிவுடைமையாகாது. வழிகள் இரண்டு, அவற்றைத் தனித்தனியே ஆராய்வோம்.

முதலாவது, முழுநேரச் சேவை. 2022-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, சாதாரணச் சிப்பாயாகச் சேர்வோர் நான்கு ஆண்டுகளுக்கே எடுக்கப்படுகின்றனர். அத்திட்டம் அறிவித்த மாதத் தொகுப்பூதியம் முதலாண்டில் 30,000 ரூபாய். நான்காம் ஆண்டில் 40,000 ரூபாய். இதில் நூற்றுக்கு 30 பங்கு சேவா நிதிக்குப் பிடிக்கப்படும். அதே அளவு தொகையை அரசாங்கமும் செலுத்தும். தவணை முடிந்தபின் நூற்றுக்கு 25 பேர் வரையில் நிரந்தரப் படையில் சேர்த்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் சேவா நிதியைப் பெற்று வீடு திரும்புவர். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை.

இரண்டாவது, பகுதிநேரச் சேவை. டெரிட்டோரியல் ஆர்மி எனப்படும் பிராந்தியப் படை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தது. 1949 அக்டோபர் 9-ஆம் நாள், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி அவர்கள் இதனைத் தொடங்கி வைத்தார். கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் இதன் பட்டாளங்கள் உள்ளன. சொந்தத் தொழில் உடையோர் அதனை விடாமலே பயிற்சி பெற்று, தேவை நேர்கையில் நாட்டுக்கு உதவுவதே இதன் நோக்கம். 1962, 1965, 1971 ஆண்டுகளின் போர்களில் இப்படையினரும் பணியாற்றினர்.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. இது நிரந்தர உத்தியோகம் அன்று. பயிற்சிக்கோ பணிக்கோ அழைக்கப்படும் காலத்திற்கே ஊதியம் உண்டு. அழைப்பு வந்துவிட்டால், நடவுக் காலம் என்று தாமதிக்க இயலாது. பிறரிடம் வேலை பார்த்தவரை மீண்டும் அமர்த்திக்கொள்ளும் பொறுப்பை முதலாளியின்மேல் சட்டம் சுமத்துகிறது. தன் நிலத்தைத் தானே உழுபவருக்கு முதலாளி யார்? அவர் இல்லாத நாட்களில் நீர் பாய்ச்சுபவர் யார், களை எடுப்பவர் யார் என்பதைக் குடும்பமே முன்கூட்டி முடிவு செய்ய வேண்டும்.

இதில் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் கடமை உண்டு. ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்ததும், வயது, படிப்பு, சேவைக் காலம் ஆகியவற்றைக் கிராம சபையில் படித்துக் காட்டுவோம். பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருவதாகக் கூறும் தரகர்களை நம்ப வேண்டாமென எச்சரிப்போம். நிலையான ஓய்வூதியத்தை எண்ணிப் போனவன் நான்காண்டில் திரும்பி நின்று ஏங்கக்கூடாது. விவரம் அறிந்து செல்பவனே மனம் தளராது சேவை செய்வான். திரும்பி வந்தாலும் தலைநிமிர்ந்து தன் நிலத்தில் இறங்குவான்.