மலையிலிருந்து கடலுக்கு: இளம் பெற்றோருக்குச் சில அறிவுரைகள்

பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது இளம் தாய் தகப்பன்மார் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போக ஆசைப்படுகிறார்கள். எங்கள் காலத்தில் கதிர்காமம் போய்த் திரும்புகிற வழியில் கிரிந்தையில் இறங்கி எட்டிப் பார்த்ததோடு கடல் முடிந்துவிடும். இன்று கொழும்பில் வேலை செய்கிற தம்பியோ டுபாயில் இருக்கிற மாமாவோ காசு அனுப்பி, "நல்ல ஹோட்டலாப் பார்த்துப் புள்ளைங்களோட ஒரு நாள் இருந்துட்டு வாங்க" என்கிறார்கள். மனதார வரவேற்கிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்திலும் அதற்குப் பிறகும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலை இறங்கியவன் நான். தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்ல வருவது இதுதான்: கூட்டத்தில் யார் ஆகச் சின்னதோ, அந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி நாளைப் போடுங்கள்.

1. இடத்தைத் தேடும் முன் மாதத்தைப் பாருங்கள். கிழக்குக் கரையில் கடல் அடங்கிக் கிடப்பது சித்திரைப் புத்தாண்டு தொடங்கி செப்டெம்பர் வரைக்கும். காலி, மாத்தறைப் பக்கம் கடல் கொந்தளிக்கிற அதே மாதங்களில் பாசிக்குடா குளம் மாதிரி இருக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வந்துவிட்டால் நமக்கும் மழை, மட்டக்களப்புக்கும் மழை, கடலும் குழம்பிவிடும். தீபாவளி லீவும் டிசெம்பர் விடுமுறையும் இதற்குள்தான் விழுகின்றன. ஆகஸ்ட் விடுமுறைக்குத் திட்டம் போடுங்கள். டிசெம்பர்தான் வசதி என்றால் தெற்கே, மாத்தறைக்குப் பக்கத்தில் பொல்ஹேன இருக்கிறது. பவளப்பாறை அலையைத் தடுப்பதால் அங்கே சின்னப் பிள்ளைகளும் தண்ணீரில் நிற்கலாம். ஆனால் ஓர் இரவு தங்க வேண்டிவரும். மழை மாதத்தில் புறப்படுவதென்றால் வீதியையும் விசாரியுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் மண் சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

2. கிட்ட இருக்கிற கடலே பிள்ளைக்கு ஏற்ற கடல் என்று எண்ண வேண்டாம். பாசிக்குடாவை விடப் பதுளைக்குக் கிட்டியது அறுகம்பே. பசறை வழியாக மொனராகலை, அங்கிருந்து சியம்பலாண்டுவை, லகுகலை தாண்டிப் பொத்துவில். மொனராகலையிலிருந்து பொத்துவிலுக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர். பாசிக்குடாவுக்குப் போவதென்றால் லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடியில் ஏறி, வடக்கே வாழைச்சேனைக்குத் திரும்ப வேண்டும். தூரம் அதிகம். ஆனாலும் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் நான் பாசிக்குடாவைத்தான் சொல்வேன். அந்த வளைகுடாவில் ஆழம் குறைவு, அலையும் சிறியது. பெரியவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். பக்கத்துக் கல்குடா திறந்த கடல், இரண்டையும் ஒன்றென்று எண்ணி இறங்கிவிடாதீர்கள். அறுகம்பேக்கு வெள்ளைக்காரர்கள் உலகத்தின் மறுகோடியிலிருந்து வருவது அங்கே எழும் அலைக்காக. அந்த அலை நாலு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். அங்கே போனால் சறுக்குப் பலகைக்காரர் கூடுகிற முனையை விட்டு விலகி, குளிக்க ஏற்ற இடத்தை மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்டு இறங்குங்கள். கிரிந்தையில் பாறையும் இழுவையும் பொல்லாதவை. விகாரையைப் பாருங்கள், காற்று வாங்குங்கள், குளிக்க வேண்டாம்.

3. ஹோட்டலுக்குக் காசு கட்டுமுன் எதற்குக் கட்டுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கடற்கரை அரசாங்கத்துடையது. எந்த ஹோட்டலும் தன் வாசலுக்கு முன்னால் இருக்கிற மணலைச் சொந்தமென்று சொல்ல முடியாது. நீங்கள் கொடுக்கிற காசு நிழலுக்கும், கக்கூசுக்கும், நல்ல தண்ணீர்க் குளியலுக்கும், நீச்சல் தடாகத்துக்கும், பகல் சாப்பாட்டுக்கும்தான். கைக்குழந்தையோ முழங்கால் வலிக்காரப் பாட்டியோ கூட வந்தால் அந்தக் காசு தகும். வாட்டசாட்டமான பிள்ளைகள் மட்டும் என்றால் ஒரு மரநிழலும் பொதுக் கழிப்பறையும் போதும்.

'டே அவுட்' என்று விற்பதை எடுப்பதானால் முதலிலேயே போன் பண்ணி எல்லாவற்றையும் கேளுங்கள். எத்தனை வயது வரை பிள்ளைகளுக்குப் பாதிக் காசு? சொல்கிற விலைக்குள் 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் அடக்கமா? சின்னப் பிள்ளைக்குக் கொண்டுவருகிற சோறும் பாலும் உள்ளே விடுவார்களா? பிள்ளைகளுக்கென்று ஆழமில்லாத தடாகம் தனியாக உண்டா, அங்கே காவலுக்கு ஆள் நிற்பாரா? இன்னொன்றையும் கேட்க மறக்க வேண்டாம்: பல இடங்களில் நைலோன், லைக்ரா நீச்சலுடுப்பு இல்லாமல் தடாகத்தில் இறங்க விடமாட்டார்கள். சுடிதாரோடு வந்த அக்காவையும் பருத்திச் சட்டை போட்ட பிள்ளையையும் எல்லோர் முன்னாலும் கரையேறச் சொன்ன இடத்தில் நான் நின்றிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. விதி இருந்தால் முன்கூட்டியே தெரிய வேண்டும். முழுக்கையும் முழுக்காலும் மூடுகிற நீச்சலுடுப்பு பதுளை டவுனில் கிடைக்கும், அதைப் போட்டால் வெயிலும் சுடாது.

4. காசை மறைக்காமல் பேசுங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது, 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்றார்கள். பெரிய ஹோட்டலில் ஓர் ஆளின் பகல் சாப்பாடு இரண்டு மூன்று பேரை, அதாவது அத்தனை நாள் சம்பளத்தை, விழுங்கிவிடும். லயத்தில் நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்தால் பாரம் குறையும். ஆனால் கடன் வாங்கிப் போக வேண்டாம்.

5. இறங்குகிற வீதியில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள், வயிறு முட்டவும் கொடுக்காதீர்கள். காய்ந்த ரொட்டித் துண்டோ கிரேக்கர் பிஸ்கட்டோ போதும், பால் வேண்டாம். முன்பக்கம் உட்கார வைத்துத் தூரத்தில் இருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். போன் கொடுத்தால் உடனே வாந்திதான். மாத்திரை வேண்டுமென்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில் வயதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

6. வீட்டுப் பெண்களுக்கும் அது விடுமுறை நாளாக இருக்கட்டும். நடுச்சாமத்தில் எழுந்து இருபது பேருக்குச் சமைத்து, வேனில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து, கடற்கரையில் பரிமாறி, கழுவி, கடைசியில் பாதத்தைக்கூட நனைக்காமல் திரும்பிய தாய்மாரை நிறையப் பார்த்துவிட்டேன். காலைக்கு ரொட்டியும் கட்டசம்பலும் கட்டுங்கள், பகலுக்குப் பொத்துவிலிலோ வாழைச்சேனையிலோ சோற்றுப் பார்சல் வாங்குங்கள். பெண்களும் தண்ணீரில் இறங்கட்டும். சேலையோடு மட்டும் வேண்டாம். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டால் முழங்காலளவுத் தண்ணீரிலும் எழும்ப முடியாது.

7. தண்ணீரில் பிள்ளை நிற்கும்போது ஒருவர் வேறொரு வேலையும் இல்லாமல் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். நான் எழுதுவதில் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். எட்டுப் பேர் கரையில் இருந்தால் மற்றவர் பார்க்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ஆகவே பேர் சொல்லி முறை வையுங்கள், அரை மணித்தியாலத்துக்கு ஓர் ஆள். முறை மாறும்போது "இனி நீ பாரு" என்று வாயால் சொல்லி, மற்றவர் "சரி" என்ற பிறகே நகர வேண்டும். காவல் நிற்பவர் கையில் போன் இருக்கக்கூடாது. மணலில் உட்கார்ந்தும் பார்க்கக்கூடாது. பிள்ளைகளுக்கும் ஆழத்துக்கும் நடுவில், கடல் பக்கமாகத் தண்ணீரில் நிற்க வேண்டும். ஒரு மிடறு குடித்தவருக்கும் அன்றைக்கு இந்த முறை கிடையாது, அவர் கடலில் இறங்கவும் வேண்டாம். ட்ரிப் என்றாலே போத்தல் என்று நினைக்கிற ஆண்களுக்கு இதைப் புறப்படுமுன்பே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்.

மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையை வீசிக் கூப்பிடாது. தலை பின்னுக்குச் சாய்ந்து வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், உடம்பு நிமிர்ந்து நிற்கும், விளையாடுவது போலத்தான் தெரியும். சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை சத்தமில்லாமல் போனால் உடனே பாருங்கள். நீலச் சட்டை தண்ணீருக்குள் தெரியாது. செம்மஞ்சள், பளிச்சென்ற பச்சை போடுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஆறு தெரியும், ஓடை தெரியும். கடல் வேறு. அலை திரும்பிப் போகும்போது காலுக்கடியில் மணல் கரைந்து ஓடும், பூமியே நழுவுகிற மாதிரி இருக்கும். முதல் தடவை கடலுக்கு வந்த பிள்ளை அந்த நேரத்தில் பெருவிரலை மணலுக்குள் குத்திக்கொண்டு பக்கத்தில் இருப்பவரின் விரலை இறுக்கிப் பிடிக்கும். சிரிக்காதீர்கள், தூக்கிக்கொண்டு ஆழத்துக்கும் போகாதீர்கள். நுரை வந்து முடிகிற இடத்தில் முதலில் உட்கார வைத்தால் கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்து நடக்கும்.

அலை உடைகிற கரையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கலங்கி வெளியே ஓடினால் அதுதான் இழுவை. பார்க்க அமைதியாக இருக்கும், அங்கேதான் ஆட்கள் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டக்கூடாது. மிதந்துகொண்டு, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வர வேண்டும். ஒருவரைக் காப்பாற்ற ஒருவர் பின் ஒருவராகப் பாய்ந்தால் எல்லோரும் போய்விடுவார்கள். ஐந்து லீற்றர் வெற்றுத் தண்ணீர்ப் போத்தலை மூடி இறுக்கி, நீளக் கயிறு கட்டிக் கரையில் வைத்திருங்கள், வீசுவதற்கு அது போதும். உயிர்காப்பாளர் நிற்கிற இடத்தில் குளியுங்கள், சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். அம்புலன்ஸுக்கு 1990, காசில்லை. பொத்துவிலிலும் வாழைச்சேனையிலும் ஆதார வைத்தியசாலை இருக்கிறது.

8. டயர் டியூப், காற்றடைத்த வாத்து எல்லாம் தடாகத்துக்கு மட்டும். நாம் போகிற அதே மாதங்களில்தான் கிழக்கில் கச்சான் காற்று வீசும். அது தரையிலிருந்து கடலை நோக்கிப் போகிற காற்று. கரையோரம் அலையே இருக்காது, டியூப் மட்டும் மெல்ல மெல்ல வெளியே போய்க்கொண்டிருக்கும். அந்தக் காற்று ஈரத்தை உறிஞ்சுகிற காற்றும்கூட. குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாகம் தெரியுமுன் தலை சுற்றும், கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

9. கரையில் கண்ணாடி மாதிரி சொறிமீன் கிடந்தால் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். இன்னொன்று: நிலம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். 2004 டிசெம்பர் 26 அன்று இந்த நாட்டில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது, அறுகம்பே இருக்கிற அம்பாறை மாவட்டம்தான்.

10. திரும்புகிற நேரத்தைப் போகுமுன்பே முடிவு செய்யுங்கள். 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா முடிந்து திரும்பிய பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். 2021 மார்ச் 20 அன்று பசறை பதின்மூன்றாம் கட்டையில் நடந்த பஸ் விபத்து நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அது காலை நேரம். மலை வீதிக்கு எந்த நேரத்திலும் கவனம் வேண்டும். இரவும் மூடுபனியும் களைத்த சாரதியும் சேர விடாதிருப்பது நம் கையில் இருக்கிறது. அறுகம்பேக்கு ஒரே நாளில் போய் வருவதானால் விடிய ஐந்துக்குப் புறப்பட்டு, ஒன்பதிலிருந்து பதினொன்று வரை குளித்து, நிழலில் சாப்பிட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைத்து, பிற்பகல் இரண்டுக்கு வேனில் ஏறுங்கள். சாரதியையும் பகலில் ஒரு மணித்தியாலம் தூங்க விடுங்கள், அவரைக் கடலுக்குக் கூப்பிட வேண்டாம். லகுகலையில் யானை வீதிக்கு வருகிற மாலை நேரத்துக்கு முன் காட்டைத் தாண்டி, வெளிச்சத்தோடு பசறை ஏறிவிடலாம். பாசிக்குடா என்றால் ஒரே நாளில் திரும்ப நினைக்காதீர்கள். மட்டக்களப்பிலோ கல்குடாவிலோ சாதாரண அறை ஒன்று எடுங்கள்.

11. ஒரு நாள் பயணத்துக்குச் சனிக்கிழமையே நல்லது. ஒரு பேர் குறையுமே என்று மனம் தயங்கும். ஞாயிறு போனால் திங்கள் காலை வேலைப் பெரட்டுக்குத் தாயும் எழும்ப முடியாது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையும் எழும்பாது, எப்படியும் அந்தப் பேர் போகும். திங்கட்கிழமை போயா விழுகிற வாரம் கிடைத்தால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை புறப்படுங்கள்.