சிறையில் பெற்ற படிப்பு

"கைதிக்குப் படிப்பு எதற்கு, சுவாமி? படித்தவன் இன்னும் சாமர்த்தியமாய்த் திருடுவானே!" சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டார். கேள்வி நியாயமானதே, ஆகையால் இவ்வாரம் அதையே ஆராய்வோம்.

அமெரிக்காவில் 1960-களிலிருந்து சில இடங்களில், கைதி பகலில் கல்லூரிக்குப் போய் மாலையில் சிறைக்குத் திரும்பும் ஏற்பாடு உண்டாயிற்று. நம் தேசத்திலோ பெரும்பாலும் படிப்புதான் சிறைக்குள் வருகிறது. டில்லித் திகார் சிறையில் 1994-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கல்வி மையம் தொடங்கியது. வேலூர்ச் சிறையிலிருந்த பேரறிவாளன் 2012-ல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 1200-க்கு 1096 மதிப்பெண் பெற்றதை அநேகர் அறிவீர்கள். குமுளி மலைக்கு அப்பால், கேரள உயர்நீதிமன்றம் 2023-ல், ஆயுள் கைதிகள் இருவர் சட்டக் கல்லூரிப் பாடங்களைச் சிறையிலிருந்தே இணையவழியாய்க் கேட்க அனுமதித்தது. சிறைப்பட்டதனால் ஒருவனுடைய கல்வி உரிமை அற்றுப்போவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சரி, பலன் என்ன? அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் முப்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. படியாத நூறு பேரில் 43 பேர் மூன்று ஆண்டுகளுக்குள் சிறைக்குத் திரும்ப, சிறையில் படித்த நூறு பேரில் 30 பேரே திரும்பினர். "திருந்த மனமுள்ளவன்தானே படிக்க முன்வருவான்? பெருமை படிப்புக்கா, மனதுக்கா?" என்று ஆட்சேபிக்கலாம். ஆய்வாளரும் இதை அறிந்தே, ஒத்த தன்மையுள்ள கைதிகளை ஒப்பிட்ட ஆய்வுகளுக்கு அதிக மதிப்புக் கொடுத்தனர். நான் கேட்பதெல்லாம், மனமிருந்தும் புத்தகம் கிடைக்காதவன் கதி என்ன என்பதே.

ஆனால் படிப்பு சிறை வாசல்வரைதான் கொண்டுவந்து விடும். வாசலுக்கு வெளியே நாம் இருக்கிறோம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில்கூட அவனருகே உட்கார நமக்குப் பிரியமில்லை. "எங்கே படித்தாய்?" என்ற ஒரு கேள்வியிலேயே அவன் தலை குனிந்துவிடும். சிறைப்பட்டோரைச் சந்திப்பது இரக்கச் செயல் என்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். சிறையைவிட்டு வந்தவன் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போகிறோம்.

நம் தோட்டக்காரரிடம், "அப்படிப் படித்து வந்த ஒருவனைக் கணக்கு எழுத வைத்துக்கொள்வீரா?" என்றேன். துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன், சுவாமி" என்றார்.