நீரியல் தூக்கியும் அதன் பராமரிப்பும்

மோட்டார் வாகனத்தின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லப்படும் வண்டிவீடு அமெரிக்காவிலும் கனடாவிலும் பெருவழக்கு. விடுமுறைக் காலத்திற் குடும்பத்தோடு காட்டோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் தங்குவோர் அதனையே உறைவிடமாகக் கொள்வர். எம் பழைய மாணவருட் கடல்கடந்து வாழ்வோர்க்கும் அது புதிதன்று. அவ்வீடு சமனற்ற நிலத்தில் நிற்குமாயின் கதவுகள் தாமே திறக்கும். பாத்திரத்து நீர் ஒருபுறஞ் சாயும். அமோனியாக் கரைசலால் இயங்கும் குளிர்சாதனப் பெட்டியோ, உள்ளிருக்கும் திரவம் சரிவர வழிந்தோடாமையாற் கெட்டுவிடும். ஆதலின், வண்டியைச் சமன் செய்தற்கு அதன் அடியிலே நீரியல் தூக்கிகள் கால்களாகப் பொருத்தப்படுகின்றன. ‘ஜாக்கி’ என நாம் வழங்குவது இவற்றின் இனமே.

தத்துவம்

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் ஏற்படுத்தும் அமுக்கம் எத்திசையிலும் குறையாது பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பஸ்கால் கண்ட உண்மை. அவர் இறந்த மறு ஆண்டாகிய 1663இல் அந்நூல் வெளிவந்தது. இங்கிலாந்தில் யோசேப் பிறாமா என்பார் இவ்வுண்மையைக் கொண்டு 1795இல் நீரமுக்கி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நியூயோர்க்கில் றிச்சேட் டட்ஜன் 1851இல் கையாற் கொண்டு செல்லத்தக்க தூக்கிக்கு அவ்வுரிமை பெற்றார்.

ஓர் உதாரணம் காண்போம். சிறிய ஆடுதண்டின் பரப்பு 1 சதுர சென்ரிமீற்றர். பெரியதன் பரப்பு 20 சதுர சென்ரிமீற்றர் என்க. சிறியதை 10 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசையால் அமுக்கினால், பெரியது 200 கிலோகிராமைத் தாங்கும். ஆயின், பெரியது 1 சென்ரிமீற்றர் உயர்தற்குச் சிறியது மொத்தம் 20 சென்ரிமீற்றர் இறங்குதல் வேண்டும். விசையிற் பெற்ற இலாபத்தைத் தூரத்திற் கொடுத்துவிடுகின்றோம்.

பெயரில் நீர் இருப்பினும் உள்ளே ஓடுவது எண்ணெய். நீர் கறளை உண்டாக்கும், குளிரில் உறையும். எண்ணெயோ உறுப்புக்களை மசகிட்டும் காக்கும்.

உறுப்புக்கள்

வண்டிவீட்டில் 12 வோல்ற்றுப் பற்றரியால் இயங்கும் மோட்டர் பம்பியைச் சுழற்றுகின்றது. பம்பி தொட்டியிலுள்ள எண்ணெயைக் குழாய்வழி கால்களுக்கு அனுப்புகின்றது. எந்தக் காலுக்கு எண்ணெய் செல்லல் வேண்டும் என்பதையும், சென்ற எண்ணெய் மீளாது நிற்றலையும் வால்வுகள் காக்கின்றன. தண்டைச் சூழ்ந்த இறப்பர் வளையங்கள் கசிவைத் தடுக்கின்றன.

பழுதும் பரிகாரமும்

ஆளியை அழுத்தியும் ஓசையே எழாவிடின் குறை மின்சாரத்தில் உள்ளது. பற்றரியின் முனைகளிற் பூத்திருக்கும் அழுக்கையும், தளர்ந்த கம்பிகளையும், உருகியையும் முதலில் நோக்குக. மோட்டர் முனகி மெல்லச் சுழலுமாயின், பற்றரி வலுவிழந்தது எனக் கொள்க. பம்பியைக் குறைகூறு முன் பற்றரியைச் சோதித்தல் முறை.

மோட்டர் நன்கு சுழன்றும் கால் இறங்காவிடின் எண்ணெய் குறைந்திருக்கலாம். எண்ணெய் மட்டத்தைக் கால்கள் யாவும் மடங்கிய நிலையிலேயே பார்த்தல் வேண்டும். கால்கள் நீண்டிருக்கும்போது தொட்டியை நிரப்பினால், அவை மடங்குங்கால் எண்ணெய் பொங்கி வழியும். உற்பத்தியாளர் விதித்த எண்ணெயையே இடுக. வாகனத் தடுப்புக்குரிய ‘பிரேக்’ எண்ணெயை இடின் இறப்பர் வளையங்கள் ஊதிக் கெடும்.

கால் விட்டுவிட்டு அசையுமாயின், உள்ளே காற்றுப் புகுந்துள்ளது. எண்ணெய் அமுங்குவது மிகச் சிறிது. காற்றோ எளிதில் அமுங்கும். பல முறை முழுதும் நீட்டி மடக்கினாற் காற்றுத் தொட்டிக்கு மீண்டு வெளியேறும். எண்ணெய் பால்போல் வெளிறியிருப்பின் நீர் கலந்துள்ளது, அதனை மாற்றுக.

இரவிலே வண்டி ஒருபுறஞ் சாய்ந்ததாயின், கால் இறங்கிற்றா, மண் இறங்கிற்றா என்பது முதல் வினா. மாலையில் தண்டின் மீது சிறு ஒட்டுத்தாளால் அடையாளமிடுக. காலையில் அது மாறாதிருப்பின் குறை மண்ணினது. பாதத்தின் கீழ் அகன்ற பலகை இடுக. அடையாளம் மாறியிருந்து, தண்டு எண்ணெயால் நனைந்திருப்பின் வளையம் தேய்ந்தது. எங்கும் நனைவில்லையேல் வால்வில் அழுக்குச் சிக்கி எண்ணெய் உள்ளே மீள்கின்றது எனலாம். கடுங்குளிரில் எண்ணெய் சுருங்குதலாலும் கால் சிறிது தாழும், அது பழுதன்று.

பராமரிப்பு பெருஞ்செலவு உடையதன்று. கால்களை மடக்கு முன் தண்டிற் படிந்த சேற்றையும் மணலையும் தூய துணியால் துடைத்தல் வேண்டும். ஒரு மணல் மணி வளையத்தைக் கீறுதற்குப் போதும். புறப்படுமுன் எல்லாக் கால்களும் மடங்கினவா என வெளியே சென்று கண்ணாற் காண்க.

உயிர்க்காப்பு

இனிக் கூறுவது மேற்கூறிய யாவற்றினும் முதன்மையானது. தூக்கியை மட்டும் நம்பி வாகனத்தின் கீழ் ஒருபோதும் புகாதீர். குழாயில் ஒரு வெடிப்பு, வளையத்தில் ஒரு பிளவு ஏற்படின், தாங்கி நின்ற பாரம் கணத்தில் வீழும். சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்து, உறுதியான இரும்புத் தாங்கிகளின் மேல் பாரத்தை இருத்திய பின்னரே கீழே செல்லல் தகும். வண்டிவீட்டின் சமன்செய் கால்களைக் கொண்டு சில்லுகளை நிலத்தினின்றும் தூக்கி ரயர் மாற்றுதலும் ஆகாது.

கசிவைத் தேடிக் குழாய்மீது கையைத் தடவுதலும் பெருந்தீங்கு. நுண்ணிய துளையினூடே பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உடலுட் புகவல்லது. வெளியே ஊசி குத்தியது போலச் சிறு புள்ளியே தோன்றும். உள்ளே தசை அழியும். நோவில்லை என்று வாளாவிராது, உடனே வைத்தியசாலை செல்லல் வேண்டும். கசிவைக் காணக் காகித அட்டையைத் தூரத்தே பிடித்துப் பார்த்தல் போதும்.

மாணவர்காள்! வீதியோரப் பட்டறையிலே லொறியைத் தூக்கும் ஜாக்கியும் பஸ்காலின் அதே விதியால் இயங்குவதே. அதன் கீழ் ஒருவர் படுத்து வேலை செய்யக் கண்டால், தாங்கி வைத்திருக்கின்றாரா எனப் பாருங்கள், இல்லையேல் சொல்லுங்கள். பரீட்சைக்காகப் படித்த ஒரு பாடம் அன்று ஓர் உயிரைக் காக்கும்.